ஒரு குறையாவது சொல்லுங்க

செத்துப்போனவர்களைப் பற்றி நல்லபடியாக நாலு வார்த்தை சொன்னால் அந்த அம்மாவுக்குப் பிடிக்காது. முகம் சுருங்கிவிடும். கையிலிருக்கும் பேனாவை மூடி வைத்துவிட்டு மின்விசிறியை அண்ணாந்து பார்ப்பார். நாம் சொல்லி முடித்ததும், "சரி, இதெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்லயே போட்டிருப்பீங்க. போஸ்டர்ல போடாதத சொல்லுங்க" என்பார்.

தஞ்சாவூரில் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே அவருடைய அறை இருந்தது. துக்கத்தில் இருப்பவர்களை உட்காரவைத்துப் பேசவைப்பதுதான் அவர் தொழில். அதற்கென்று படித்து, வாங்கிய சான்றிதழைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தார். அது எப்போதும் கோணலாகவே தொங்கும். அவர் அங்கே பேசுகிற பேச்சைச் சான்றிதழ் கொடுத்தவர்கள் கேட்டிருந்தால் வந்து திரும்ப வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். அறையில் கணக்கு டியூஷன் நடந்துகொண்டிருந்தது. அந்த அம்மா நாகப்பட்டினம் பக்கமே போய்விட்டதாக ஜெராக்ஸ் கடைக்காரர் சொன்னார்.

எனக்குக் கும்பகோணத்தைத் தாண்டி, குத்தாலத்துக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிலம். நெல்லும் உளுந்தும்தான் தெரியும். ஓர் ஆவணி மாதம் என் மனைவி இறந்துபோனாள். மார்பில் கட்டி வந்து, நாள் கடந்துபோய், மருத்துவமனை மருத்துவமனையாக ஏழு மாதம் அலைந்து, பிறகு போனாள். அதன்பின் நான் சரியாகச் சாப்பிடுவதில்லை, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் எரிந்து விழுகிறேன் என்று யாரோ என் மகனிடம் சொல்லிவிட்டார்கள். அவன் சிங்கப்பூரில் இருந்துகொண்டே போனில் இந்த அம்மாவைப் பிடித்து, நாளும் நேரமும் குறித்துவிட்டான். கவுன்சிலிங் போகிறேன் என்று சொன்னதும் டீக்கடைக்காரர், "உங்க வீட்ல இப்ப இன்ஜினியரிங் சேர்ற வயசுல யாரு இருக்கா?" என்றார். நான்தான் சேரப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் என் ஒரே மகளோடு பேசி ஆறு மாதம் ஆகியிருந்தது. அவள் அம்மாவின் கருமாதி அன்று, பதினாறாம் நாள் விருந்துக்கு இலை போட்டிருந்த நேரத்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னாலும், "உனக்குப் பேறு பாத்துதான்டி உங்கம்மா செத்தா" என்று கத்தியிருந்தேன். அவள் பதில் பேசாமல் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அதன்பின் அவள் போன் வந்தால் நான் எடுப்பதில்லை. போகப்போகப் போனும் நின்றுபோனது. இந்தச் சங்கதியை மட்டும் எந்தக் கொம்பன் கேட்டாலும் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டே அந்த மாடிப்படி ஏறினேன்.

முதல் நாள் நான் பேசியதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. என் மனைவி சாட்சாத் மகாலட்சுமி, பொறுமையின் சிகரம், அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டாள் என்று பத்து நிமிடம் மூச்சு விடாமல் சொன்னேன். அந்த அம்மா மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகாலட்சுமி செத்தா அதுக்கு நான் கவுன்சிலிங் பண்ண முடியாது சார். அது பெரிய எடம். உங்க வீட்டம்மாவப் பத்தி சொல்லுங்க. ஒரு குறை. ஒண்ணே ஒண்ணு."

"குறைன்னு ஒண்ணும் கெடையாதுங்க."

"இருபத்தெட்டு வருசம் ஒரே வீட்ல இருந்திருக்கீங்க. ஒரு குறையும் கண்ணுல படலன்னா, நீங்க வீட்லயே இல்லன்னு அர்த்தம்."

எனக்குச் சுருக்கென்றது. மிச்ச நேரம் உர்ரென்று உட்கார்ந்திருந்துவிட்டு, நேரம் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல், ஒரு வார்த்தை சொல்லாமல் படியிறங்கி வந்துவிட்டேன். மறுநாள் காலையில் அவரே போன் செய்தார்.

"கோவிச்சுக்கிட்டுப் போயிட்டீங்களா சார்? எம் மேல தப்பிருந்தா சொல்லுங்க."

"கோவமெல்லாம் இல்லீங்களே."

"பின்ன, சொல்லாம கொள்ளாம எழுந்து போனீங்களே. 'வாடிக்கையாளர் கோபமாக வெளியேறினார்'னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

"துக்கம் பேசுன எடத்துல போயிட்டு வரேன்னு சொல்லக்கூடாதுல்லீங்க, மேடம்?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தால், சிரித்துக்கொண்டிருக்கிறார். எங்கள் பக்கத்தில் துக்க வீட்டுக்குப் போனால் வாங்க என்று கூப்பிடவும் மாட்டார்கள், போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளவும் கூடாது. எழுந்தால் எழுந்ததுதான். அந்த அம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. தன் அறையையும் ஒருவர் துக்க வீட்டுக் கணக்கில் சேர்ப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். "தாராளமா சொல்லிட்டே போங்க சார். நீங்க அடுத்த வாரம் வந்தாத்தான் எனக்குப் பொழப்பு" என்றார். நோட்டில் எழுதியதை அடித்தாரா என்று நான் கேட்கவில்லை.

ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். காட்டன் புடவை, மூக்கின் நுனிக்கு இறங்கிவிடும் கண்ணாடி. ஸ்கூட்டரை ஓட்டத் தெரியும், நிறுத்தத் தெரியாது. கீழே வந்து ஹாரன் அடித்தால், படியில் காத்திருப்பவர்களில் தெம்பான ஒருவர் இறங்கிப் போய் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவைக்க வேண்டும். பாதி நாள் நான்தான் அந்தத் தெம்பான ஆள். மனசு விட்டுப்போன கதையைச் சொல்ல வந்த இடத்தில் முதலில் வண்டி தூக்க வேண்டியிருக்கிறதே என்று முனகிக்கொள்வேன். எதிராளி பேசும்போது குறுக்கே பேசக்கூடாது என்பது அவர் படிப்பில் முதல் பாடமாக இருந்திருக்கும். அன்றைக்கு அவர் லீவு போட்டிருப்பார் போலிருக்கிறது. வாக்கியத்தை முடிக்க விடமாட்டார்.

மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் ஒன்றாக உட்காரவைப்பார். ஏழெட்டுப் பேர் இருப்போம். அங்கேயும் அதே பாட்டுதான். திருவையாற்றிலிருந்து வந்த ஓர் அம்மாள், "எங்க வீட்டுக்காரரு தங்கம்ங்க" என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தங்கத்துல செம்பு எவ்வளவும்மா?" என்றார் இவர்.

எங்களுக்கெல்லாம் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் அந்த அம்மாள் வாயிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டு, "எங்க போறீங்கன்னு கேட்டா பதில் சொல்லவே மாட்டாருங்க. இதோன்னுதான் சொல்லுவாரு. ஒரு தடவ அப்படித்தான் இதோன்னு சொல்லிட்டுப் போன மனுஷன், மூணு நாள் கழிச்சுப் பழனிலேர்ந்து பஞ்சாமிர்த டப்பாவோட வந்தாரு. ஒரு போனு கெடையாது. நான் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டேன்" என்றார். சொல்லும்போதே சிரித்துவிட்டார். எல்லோரும் சிரித்தோம். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று தெரியவில்லை, அந்த அம்மாள் குலுங்கிக் குலுங்கி அழுதார். முதலில் அழுத அழுகை மாதிரி இல்லை இது.

இவர் எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். "இப்பதாம்மா உங்க வீட்டுக்காரர நாங்க எல்லாரும் பாத்தோம்" என்றார்.

எனக்கும் கொஞ்சம் ரோஷம் வந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து குறைகளாகக் கொண்டுபோய்க் கொட்டினேன். குழம்பில் உப்பு ஒரு கை கூடத்தான் போடுவாள். போர்செட் கொட்டகைக் கதவைப் பூட்டவே மாட்டாள். நான் வாங்கிவந்த எந்தப் பொருளும் அவளுக்கு ஒரு தடவைகூடச் சரியாக இருந்ததில்லை. நடவுக்கு வருகிற பெண்களிடம் என் அம்மாவைப் பற்றிப் புறணி பேசுவாள், அதுவும் என் அம்மாவின் காதில் விழுகிற தூரத்தில். அந்த அம்மா கேட்டுக்கொண்டு, "நல்லா இருக்கு. ஆனா இதெல்லாம் அரிசியில கெடக்குற கல்லு சார். பொறுக்கிப் போட்டுட்டு சோறு பொங்கிடலாம். நான் கேக்குறது இது இல்ல" என்றார்.

என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். அதற்குத்தான் நான் மோட்டார் ரிப்பேரைப் பற்றி அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன். ஏன் மேடம், செத்தவர்கள் மேல் உங்களுக்கு அப்படி என்ன கோபம்?

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எங்க ஊரு கடலோரம் சார். எங்கம்மா வாயத் தொறந்தா தெருவே அடங்கிடும். சுனாமி வந்த அன்னிக்கு விடியக்காலையில எனக்கும் அவங்களுக்கும் சண்ட. நான் எடுத்த பொடவ கலரு நல்லால்லன்னு. கோவிச்சுக்கிட்டு முத பஸ்ஸப் புடிச்சு டவுனுக்குப் போயிட்டேன். அதனால உயிரோட இருக்கேன். அப்புறம் முகாம்ல பாத்தவங்க எல்லாம், உங்கம்மா தெய்வம், உங்கம்மா தெய்வம்ங்கறாங்க. எனக்கு அந்த தெய்வத்தத் தெரியவே தெரியாது சார். எனக்குத் தெரிஞ்ச பொம்பளையப் பத்திப் பேசத்தான் ஒரு ஆள் கெடைக்கல."

சாரிங்க மேடம் என்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எங்கதை போதும். உப்பு முடிஞ்சுது, கதவு முடிஞ்சுது. அடுத்தத எடுங்க" என்றார். அன்றைக்குத்தான் அந்த அம்மாவை எனக்குப் பிடிக்க ஆரம்பித்தது.

எட்டாவது வாரம் வைகாசி வெயில். ஆறு, வாய்க்காலெல்லாம் வெடித்துக் கிடந்தது. குறுவைக்குத் தண்ணீர் திறப்பார்களா மாட்டார்களா என்று நான் ஆரம்பித்தேன். அவர் வழக்கப்படி குறுக்கே விழுந்தார்.

"சார், சிங்கப்பூர் மகனப் பத்தி பேசுறீங்க. மாட்டப் பத்தி, மோட்டாரப் பத்தி பேசுறீங்க. பேரன் பொறந்தப்பன்னு ஒரு நாள் வாய் தவறி சொன்னீங்க. அந்தப் பேரனப் பெத்தவ எங்க?"

கொம்பன் கேட்டாலும் சொல்வதில்லை என்று இருந்தவன், கருமாதியன்று கத்தியதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தலைப்பிரசவத்துக்கு மகளை அழைத்துவந்தது, ஆவணியில் பேரன் பிறந்தது, பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் பத்தியம் பொங்குவதுமாக அவள் அம்மா ஐந்து மாதம் ஆடி ஓடியது. தை மாதம் சீர் வைத்து மகளைக் கணவன் வீட்டுக்கு அனுப்பிய மறுநாள்தான், "மாருல ஒரு கட்டி மாதிரி இருக்குங்க" என்று என் மனைவி என்னிடம் சொன்னாள். நாலு மாதம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அந்த நாலு மாதம் எங்கே போனது என்று எனக்குக் கணக்குப் போடத் தெரியாதா?

"கட்டி இருக்கறது யாருக்குத் தெரியும்?" என்றார் அந்த அம்மா.

"அவளுக்குத்தான்."

"உங்களுக்கு?"

"ஒரு நாள் துணி புழியும்போது கையப் புடிச்சுக்கிட்டு நின்னா. என்னான்னு கேட்டேன். புள்ளையத் தூக்கித் தூக்கி வலிக்குதுன்னா. தைலம் தேய்ச்சுக்கன்னு சொல்லிட்டு நான் வயலுக்குப் போயிட்டேன். அன்னிக்கு எங்களுக்குத் தண்ணி மொறை."

"நீங்க கேட்டீங்க. அவங்க என்ன சொன்னாங்க?"

"சொன்னேனே. புள்ளையத் தூக்குன வலின்னா."

"அது நெசமா?"

குறுக்கே பேசியே பழகிய அந்த மனுஷி, அன்றைக்குப் பார்த்து வாயே திறக்கவில்லை. கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பொய்" என்றேன். "பொய் சொல்லிட்டா. எங்கிட்டயே பொய் சொன்னா. கட்டிக்கிட்டவன் குத்துக்கல்லாட்டம் எதிர்ல நின்னு கேக்குறான், அவனுக்கு ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல பாருங்க அவளுக்கு. பேறு முடியட்டும், அனுப்பு முடியட்டும்னு... யாரு கேட்டா அவள? அறிவுகெட்ட கழுத. இப்படி நடு ரோட்ல விட்டுட்டுப் போறதுக்கா..."

எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. அவள் படுக்கையில் கிடந்த ஏழு மாதமும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. நோயாளியிடம் எப்படிக் கோபப்படுவது? செத்த பிறகு எப்படிக் கோபப்படுவது? அவள் மேல் எனக்கிருந்த கோபம் அவ்வளவும் அன்றைக்குத்தான் வெளியே வந்தது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, வரப்பில் நின்று நாங்கள் சண்டை போடுவோமே, அந்தக் குரலில் வந்தது. அவள் திருப்பிப் பேசாததுதான் தாங்கமுடியவில்லை. உட்கார்ந்து துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

அந்த அம்மா தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார்.

"இது அவங்க மேல படவேண்டிய கோவம் சார். எட்டு மாசமா பாவம் வேற ஒருத்தி வாங்கிக்கிட்டு இருக்கா." மூடியைத் திறந்து கொடுத்துவிட்டு, "நல்லா திட்டுறீங்க. அவங்களும் சளைச்சவங்களா இருந்திருக்க மாட்டாங்க" என்றார்.

"விட மாட்டா" என்றேன்.

போய் மகளைப் பாருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை அவர். வெயில் ஏறுவதற்குள் பஸ்ஸைப் பிடியுங்கள் என்றுதான் சொன்னார்.

தஞ்சாவூரிலிருந்து எங்கள் பக்கம் வரும் பஸ் கும்பகோணத்தில் பத்து நிமிடம் நிற்கும். மகளைக் கொடுத்தது கும்பகோணத்தில்தான். பஸ் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். எட்டு வாரமாகப் போகும்போதும் வரும்போதும் அந்தப் பத்து நிமிடமும் தூங்குவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அன்றைக்கு இறங்கினேன். பெரிய துணிச்சல் என்று சொல்லமாட்டேன். கத்தியதில் தொண்டை வறண்டுபோய், சோடா குடிக்கத்தான் இறங்கினேன். பஸ் கிளம்பியபோது கையைத் தூக்கி நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

மகள்தான் கதவைத் திறந்தாள். "வாங்க" என்றாள். வாங்கப்பா என்று சொல்லவில்லை. அவள் காலைப் பிடித்துக்கொண்டு பேரன் நின்றான். தோள்வரை முடி வளர்ந்து, உச்சியில் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டியிருந்தது. முதல் முடி இறக்க வேண்டுமென்றால் அம்மாவைப் பெற்ற வீட்டார் தேதி வைத்து, கோயிலில் தாய்மாமன் மடியில் உட்காரவைக்க வேண்டும். தாத்தா வாயை மூடிக்கொண்டதில் பையன் பெண்பிள்ளை மாதிரி திரிந்துகொண்டிருந்தான்.

நான் தெருவெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை நின்றபடியே சொன்னேன். "உம் மேல தப்பில்லம்மா. நான் பேசுனது தப்பு. உங்கம்மாதான் நம்ம ரெண்டு பேருகிட்டயும் மறைச்சுட்டா."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட மறைக்கலப்பா."

"என்னது?"

"புள்ளைக்கு மூணாம் மாசம். அம்மா குளிச்சுட்டு வரும்போது பாத்துட்டேன். என்னம்மா இதுன்னு கேட்டேன். எங்கையப் புடிச்சு புள்ளை தலையில வச்சு, அப்பாகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுன்னாங்க. உன்ன அனுப்பி வச்சுட்டு நானே சொல்லிக்கிறேன்னாங்க. புள்ளை தலையிலப்பா... நான் எப்படிப்பா மீறுவேன்? அன்னிக்கு நீங்க கத்தும்போது, உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். அதாம்பா ஒண்ணும் பேசாம வந்துட்டேன்."

மூன்றாம் மாதம். இன்னும் இரண்டு மாதம் கையில் இருந்திருக்கிறது. காலையில் அந்த மாடிக்குப் போகாமல் நேராக இங்கே வந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதைச் சொல்லியிருந்தால் இந்த ஜென்மத்தில் என் மகள் முகத்தில் விழித்திருக்க முடியாது. அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. பேரன் தலையையும், அதைப் பிடித்துக்கொண்டிருந்த அவள் கையையும் பார்த்தேன்.

"ஏன்டி, பச்ச ஒடம்புக்காரிகிட்ட, புள்ளை தலையில கை வச்சு சத்தியம் வாங்குவாளா ஒருத்தி? அறிவிருக்கா அவளுக்கு?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் உதடு கோணிக்கொண்டு வந்தது. "இல்லப்பா" என்றாள். "அறிவே இல்லப்பா. எத்தன தடவ கெஞ்சினேன் தெரியுமா? டாக்டர்கிட்ட போவோம்மான்னு கால்ல விழாத குறை. கேக்கவே இல்லப்பா. வாய மூடுடி, பச்ச ஒடம்பு, அழக்கூடாதுன்னு என்னையே அதட்டுறாங்க."

"அவ என்னிக்கு யார் பேச்சக் கேட்டா?"

"எல்லாம் தனக்குத்தான் தெரியும்னு..."

"திமிரு!"

"ஆமாப்பா, திமிருதான்!"

அவள் பக்கத்தில் நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிச் சொல்லிக் குரல் ஏறிக்கொண்டே போனது. இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பேரன் பயந்துபோய் அவள் முதுகில் தொற்றிக்கொண்டான். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அம்மாள் கரண்டியும் கையுமாக வாசலுக்கு ஓடிவந்துவிட்டார்.

"என்னடி சத்தம்? இத்தன நாள் கழிச்சு அப்பா வந்திருக்காரு, அவருகிட்டப் போயி சண்டையா?"

மகள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"சண்டையெல்லாம் இல்லக்கா. அம்மாவத் திட்டிக்கிட்டு இருக்கோம்."